மொறிஸ் மைனர்: முன்பக்கம் முழுக்கப் புதுச் சாமான், ஆனாலும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது

கொக்குவில் மைனர் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கமாக எழுதினால் எல்லாரும் திருப்பி என்னிடம்தான் கேள்வி கேட்பீர்கள் என்பதால் உள்ளதை எல்லாம் கொட்டி விடுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1959 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, பழைய 948 சிசி எஞ்சின். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. பக்கத்தில் சுண்டுப் போத்தலுடன் நிற்பது என் வேலை. அப்பா போன பிறகு பன்னிரண்டு வருடம் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. போன வருடம்தான் வெளியே இழுத்தேன்.

முன்பக்கத்தை முழுவதும் கழற்றினேன். கிங்பின் (முன்சில்லு திரும்பும் அச்சு) இரண்டும், அதன் மேல் கீழ் முனைகளைப் பிடிக்கும் ட்ரனியன் நாலும், ஐபோல்ட் புஷ், கீழ்க் கையில் இருந்து முன்னுக்கு வரும் டை பாரின் புஷ், ஸ்டியரிங்கை முன்சில்லோடு இணைக்கும் டை றொட் எண்ட் இரண்டும் புதுசு. சாமான் கொழும்பில், பஞ்சிகாவத்தையில் எடுத்தது. லீவர் சொக் நாலையும் கழுவி ஓயில் மாற்றினேன். பின் ஸ்பிரிங் இரண்டையும் ஒரு பட்டறையில் கொடுத்து வளைவைக் கூட்டி எடுத்தேன். நம் றோட்டுக்கு நல்லது என்று ஒவ்வொரு பிளேட் கூடப் போட்டார்கள். இடப்பக்கத்து மெயின் பிளேட் வெடித்திருந்ததால் அதை மட்டும் புதிதாக அடித்துத் தந்தார்கள். ரயர் நாலும் புது ரேடியல், 155 ஆர் 14.

இப்போது பிரச்சினை. நாற்பதைத் தாண்டினால் வண்டி இடப்பக்கம் போகிறது. நேராக ஓட்ட வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை எப்போதும் வலப்பக்கம் இரண்டு விரல் அளவு சரித்துப் பிடிக்க வேண்டும். அடுத்தது, வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, விட்ட இடத்திலேயே நிற்கிறது. மூன்றாவதுதான் பயம். அறுபதில் வண்டி மிதக்கிறது. போன ஞாயிறு ஆனையிறவில் நீரேரிக் காற்றுக்குள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லொறி முந்தியது. அந்தக் காற்றுக்கே வண்டி அரை ஆள் அகலம் விலகிப் போய் விட்டது. மனைவி கதவுக் கைபிடியைப் பிடித்த பிடி கிளிநொச்சி வரை விடவில்லை, ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை.

அலைன்மென்டுக்கு இரண்டு தரம் கொண்டு போனேன். அவர்களுடைய கொம்பியூட்டரில் மைனர் என்று ஒன்றே இல்லை, ஏதோ ஒரு சின்னக் காரின் பெயரைத் தெரிவு செய்து டோ (முன்சில்லு இரண்டும் உள்நோக்கிப் பார்க்கும் அளவு) வைத்தார்கள். இரண்டாம் தரம் போய், ஸ்டியரிங் சரிந்து நிற்கிறது என்று சொன்னதற்கு ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி நேராக மாட்டித் தந்தார்கள். பார்க்க நேராக இருக்கிறது. கையை விட்டால் இடப்பக்கம் போவது அப்படியே இருக்கிறது.

மெக்கானிக் ஸ்டியரிங் றாக்கை (வீல் சுற்றுவதைச் சில்லுக்குக் கொண்டுபோகும் பல் தண்டை) மாற்றச் சொல்கிறார். விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் காருக்குப் பக்கத்திலேயே போகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?


வெள்ளவத்தைப் பெரியவர் எழுதியது:

தம்பி, றாக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். மைனரில் கெட்டுப் போவதற்கு ஆகக் கடைசியாக வரிசையில் நிற்பது அதுதான். ஓடாமல் நின்ற வண்டியில் றாக்கின் றபர் உறை கிழிந்து உள்ளே காய்ந்திருக்கலாம், அதை உறையை உரித்துப் பார்த்தாலே தெரியும்.

முதலில் காசு செலவில்லாத வேலைகள். ரயருக்குக் காற்று எவ்வளவு? பெற்றோல் செட்டில் கேட்காமலே 32 அடித்து விடுவார்கள். பழைய கையேட்டில் அந்தக் காலத்து ரயருக்கு 22 போலத்தான் இருக்கும். முக்கால் தொன் வண்டி, 32இல் பந்து மாதிரித் துள்ளும். ரேடியலுக்கு நான் 26 வைத்து ஓடுகிறேன், நாலுக்கும். அதைச் செய்துவிட்டு, முன்சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். இடப்பக்க ட்ரம் உரசிக்கொண்டு சுற்றினால் அதுவே இழுக்கும். பிரேக் ஷூவை இறுக்கி வைத்துவிட்டு சஸ்பென்ஷனைக் குறை சொன்ன ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவன் என் மச்சான். இன்னொன்று, நம் றோட் எல்லாம் தண்ணீர் வடியட்டும் என்று இடப்பக்கம் சரித்துத்தான் போட்டிருக்கும். ஆள் இல்லாத நேரம் நடு றோட்டில் ஓட்டிப் பார்த்து, அங்கேயும் இழுத்தால்தான் அது இழுவை.

இனி ஸ்டியரிங் திரும்பி வராத விஷயம். இதற்கு ஒரு சோதனைதான் எனக்குத் தெரியும், அரை மணித்தியால வேலை. முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, டை றொட் எண்ட் இரண்டையும் ஸ்டியரிங் கையில் இருந்து கழற்றி விடுங்கள். இப்போது மூன்று சாமானும் தனித்தனி. ஸ்டியரிங் வீலைச் சுற்றினால் றாக் மட்டும் ஓடும். அது லேசாக ஓடினால் மெக்கானிக்குக்கு ஒரு கும்பிடு. பிறகு ஒவ்வொரு பக்கத்து ட்ரம்மையும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை திருப்புங்கள். நல்ல ட்ரனியன் என்றால் கொஞ்சம் கனமாக, ஆனால் ஒரே சீராகத் திரும்பும். எந்தப் பக்கம் பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள்.

என் சந்தேகம் கீழ் ட்ரனியன். மைனரில் கிங்பினின் இரண்டு முனையும் புரி வெட்டியது, ட்ரனியன் அதில் நட் மாதிரித் திருகிக்கொண்டு நிற்கிறது, சில்லைத் திருப்பும்போது அந்தப் புரிதான் சுற்றுகிறது. புதிதாகப் போடுகிறவர்கள் கீழ் ட்ரனியனை இறுகும் வரை திருகி அப்படியே கையில் மாட்டி விடுவார்கள். அதை முழுக்கத் திருகிய பிறகு ஏறத்தாழ ஒரு சுற்றுத் திருப்பி விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் திருப்பும்போது போக இடம் இல்லாமல் புரி இறுகும். கிறீஸ் அடித்தது எப்போது? சில்லு நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது, தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

இதில் விளையாட வேண்டாம். புரி தேய்ந்து ட்ரனியன் கழன்றால் முன்சில்லு மட்காட்டுக்குள் மடிந்து படுத்து விடும். மைனர்காரர் எல்லாருக்கும் தெரிந்த கதை.


திருச்சி அம்பி எழுதியது:

அண்ணா, நான் அம்பாசடர் ஆள், 1978 மார்க் 3. மைனர் நான் ஓட்டியது இல்லை, ஆனால் அம்பாசடரும் மொறிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழி வந்ததுதானே, முன்னாடி அதே டார்ஷன் பார் (முறுக்கியே ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), அதே குடும்ப வியாதி. அதனால் உரிமையோடு மூக்கை நுழைக்கிறேன்.

ஒரு கேள்வி. கீழ்க் கை புஷ் நட்டுகளை எப்போது கடைசி இறுக்கு இறுக்கினீர்கள்? வண்டி ஜாக்கி மேல் இருக்கும்போதா, நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதா? நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் வீட்டு வாசலில் வைத்து நானும் தம்பியும் முன்பக்கம் முழுசும் மாற்றினோம். எல்லாம் முடித்து, சக்கரம் தொங்கிக்கொண்டு இருக்கும்போதே எல்லா நட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கி, இறக்கி வைத்தோம். ரப்பர் புஷ் என்பது வெறும் ரப்பர் இல்லை, இறுக்கின நிலைமையில் அது ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் வண்டி தரைக்கு வந்து கை மேலே ஏறும்போது முறுக்கிக்கொண்டு அதுவே ஒரு ஸ்பிரிங் ஆகி விடுகிறது. வண்டி ஒரு பக்கம் தூக்கி நின்றது, ரெண்டு மாதத்தில் புஷ் கிழிந்து தொங்கியது. தளர்த்தி, இறக்கி, பம்பர் மேல் தம்பியை ஏற்றி நாலு குதி குதிக்க விட்டு, அப்புறம் இறுக்கினோம். அன்றைக்குச் சரியானது.

உயரத்தையும் அளந்து பாருங்கள். சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் நாலு மூலையிலும், வீல் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் டார்ஷன் பார். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பாரை இடம் வலம் மாற்றிப் போட்டு விடாதீர்கள். ஓடின பார் ஒரு பக்கமாகவே முறுக்கப்பட்டுப் பழகினது, திருப்பிப் போட்டால் உடையும். அதில் ஏறியிருக்கிற முறுக்கை இறக்காமல் கையைக் கழற்றினால் உடைவது பார் இல்லை, உங்கள் மணிக்கட்டு.

இழுவைக்கு இன்னொரு சின்ன டெஸ்ட். முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாற்றுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி, புது ரேடியலிலும் இப்படி வரும். மாறாவிட்டால் டயரை மறந்து விடலாம்.


ஏ40 பிரியன் எழுதியது:

ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிப்பதை முதலில் நிப்பாட்டு. 140 கியர் ஓயில் அடி, வெண்ணெய் மாதிரித் திரும்பும். அதுவும் சரிவராவிட்டால் முன்பக்கத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் பிரேக்குடன் ஏதாவது ஜப்பான் வண்டியின் முன்பக்கம் பொருத்து. இந்தக் காலத்தில் யார் புரியில் சில்லைத் தொங்கவிட்டு ஓடுகிறது?


வெள்ளவத்தைப் பெரியவர் எழுதியது:

ஓயில் அடிக்கிறது ட்ரையம்ப் ஹெரால்ட்காரரின் கதை, அது அந்தக் கையேட்டில் இருக்கிறது. மைனர் கையேட்டில் கிறீஸ்தான். ஏ40 சோமர்செட் ஓட்டுகிறவருக்கு மைனரில் பொறாமை இருப்பது இயல்பு, தம்பி நீங்கள் கவனிக்க வேண்டாம்.


கொக்குவில் மைனர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் லீவு போட்டு நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன்.

காற்று: பெரியவர் சொன்ன மாதிரியே 33 இருந்தது. 26க்கு இறக்கினேன். துள்ளல் பாதி குறைந்தது, மிதப்பும் இழுவையும் குறையவில்லை. ட்ரம் இரண்டும் லேசாகச் சுற்றுகின்றன. முன் ரயரை இடம் வலம் மாற்றினேன், இழுவை இடப்பக்கமே. காலை ஐந்தரைக்குப் பலாலி வீதியில் நடுவால் ஓட்டினேன், அங்கேயும் இடப்பக்கமே.

டை றொட் எண்டைக் கழற்றினேன். றாக் ஒற்றை விரலுக்கு ஓடுகிறது, அந்தக் காசு மிச்சம். வலப்பக்க ட்ரம் ஒரு கைக்குத் திரும்புகிறது. இடப்பக்கம் இரண்டு கை போட்டு, காலை மட்காட்டில் உதைத்துத்தான் திரும்பியது, அதுவும் ஒரு பக்கம் போகப் போக இறுகுகிறது. கழற்றிப் பார்த்தால் கீழ் ட்ரனியன் அடிவரை திருகி இருந்தது. அதைப் பூட்டியது நான்தான், வேறு ஒருவரையும் சொல்ல முடியாது. ஒரு சுற்றுத் திருப்பி விட்டுப் பூட்டி, தூக்கி வைத்தே கிறீஸ் அடித்தேன். மேலே இருந்து கறுப்பாகத் துரு கலந்த ஏதோ வந்து, பிறகுதான் புதுக் கிறீஸ் எட்டிப் பார்த்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்புகிறது.

அம்பி அண்ணை கேட்டது: ஆம், தொங்கவிட்டுத்தான் இறுக்கினேன். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியை இறக்கி, அண்ணன் மகனை முன்னுக்கு ஏற்றிக் குதிக்க விட்டு இறுக்கினேன்.

ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் முன்னரைவிட லேசு. ஆனால் இன்னும் சோம்பலாகத்தான் திரும்பி வருகிறது, முழுதாக நடுவுக்கு வருவதில்லை. இழுவை அப்படியே. மிதப்பும் அப்படியே. உயரம் அளந்தேன், முன் இடப்பக்கம் வலப்பக்கத்தை விட 18 மி.மீ. குறைவு. பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று போடுகிறேன்.


பருத்தித்துறை லேத் எழுதியது:

படத்தைப் பார்த்தேன். எல்லாரும் முன்பக்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறீர்கள், வண்டி பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்று. இந்தக் கார் மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் உடம்பு விளிம்பின் கோட்டைப் பாருங்கள், பின்னால் இருந்து முன்னால் வழுக்கிக்கொண்டு வருகிறது. நல்ல மைனர் ஏறத்தாழ மட்டமாக நிற்கும். பட்டறையில் வளைவும் எடுத்து மேலதிகமாகப் பிளேட்டும் போட்டதில் பின்பக்கம் 5 சென்றிமீற்றர் ஆவது ஏறியிருக்கும் என்பது என் கண் அளவு.

அது ஏன் முக்கியம் என்றால், சைக்கிளைக் கை விட்டு ஓட்டுகிறீர்கள் இல்லையா, ஃபோர்க் பின்னுக்குச் சரிந்து நிற்பதும் முன்சில்லு தானாக நேராவதற்கு ஒரு காரணம். காரிலும் கிங்பின்னை அப்படித்தான் சரித்து வைத்திருக்கிறார்கள், மைனருக்கு 3 டிகிரி. அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் ஒன்றும் இல்லை, கீழ்க் கையும் டை பாரும் எங்கே பிடிக்கிறதோ அதுதான். அதனால் அலைன்மென்ட்காரர் அதைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் நீங்கள் தெரியாமல் தொட்டுவிட்டீர்கள். முன் பின் சில்லுக்கு இடையில் 86 அங்குலம், 2184 மி.மீ. பின்பக்கம் 50 மி.மீ. ஏறினால் முழு வண்டியும் 1.3 டிகிரி முன்னுக்குச் சரிகிறது. கிங்பின்னும் அதோடு சேர்ந்து நிமிர்கிறது. 3இல் 1.3 போனால் மிச்சம் 1.7. கிட்டத்தட்ட அரைவாசி போய் விட்டது. ஸ்டியரிங் திரும்பி வராது, நீரேரிக் காற்றில் மிதக்கும், லொறி போனால் தள்ளும். வேறென்ன செய்யும் பாவம்.

இரண்டாவது, இழுவை. இடப்பக்கத்து மெயின் பிளேட் மட்டும் புதுசு என்று நீங்களே முதல் கேள்வியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய் விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் இரவு முழுக்க நித்திரை விடவில்லை. மைனரின் பின் அக்சிலுக்கு அந்த இரண்டு ஸ்பிரிங்கைத் தவிர வேறு பிடிப்பே கிடையாது. பிளேட்டின் நடு ஓட்டையில் ஏறும் சென்டர் போல்டின் தலைதான் அக்சில் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்த ஓட்டையை யாரோ ஒருவர் கண் மட்டத்தில் துளைத்திருந்தால்? நான் லேத்தில் முப்பது வருடம் நின்றவன், கண் மட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிப் பாருங்கள். மேசனிடம் ஒரு தூக்குக் குண்டு வாங்குங்கள். வண்டியைச் சிமெண்டில் நிறுத்தி, ஒவ்வொரு பக்கமும் பின் ஸ்பிரிங்கின் முன் முனை போல்டுக்கு நேர் கீழே ஒரு புள்ளி, அக்சில் குழாயின் நடுவுக்கு நேர் கீழே ஒரு புள்ளி, சோக்கால் போடுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு இரும்பு நாடாவால் அளவெடுங்கள். சில்லுக்குச் சில்லு அளக்க வேண்டாம், முன்சில்லு கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அந்தப் பிழையும் கணக்கில் கலந்து விடும். இடப்பக்கம் குறைவாக வந்தால் இடப் பின்சில்லு முன்னுக்கு நிற்கிறது என்று அர்த்தம். அப்போது பின் அக்சில் முழுவதும் வலப்பக்கம் பார்த்து உருளும், பின்பக்கம் வலத்துக்குப் போகும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். நீங்கள் அதை நேராக்க இரண்டு விரல் வலப்பக்கம் பிடிக்கிறீர்கள். கணக்கு ஒத்து வருகிறது.

அலைன்மென்ட் கடையில் ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டியது காய்ச்சல்காரனுக்கு வெப்பமானியை மாற்றிக் கொடுத்த மாதிரி.


திருச்சி அம்பி எழுதியது:

லேத் அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்பாசடரிலும் பின்னாடி ரெண்டு பிளேட் ஸ்பிரிங்தான். இங்கே டாக்ஸிக்காரர்கள் சுமைக்காகப் பிளேட் சேர்த்து, பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்தேன். அவர்கள் எல்லாம் ரெண்டு கையாலும் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே ஓட்டுவார்கள். வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


கொக்குவில் மைனர் எழுதியது:

மன்னிக்கவும், மூன்று கிழமை எழுதவில்லை. ஸ்பிரிங்குக்காகக் காத்திருந்தேன்.

லேத் அண்ணை சொன்னபடி தூக்குக் குண்டு போட்டு அளந்தேன். வலப்பக்கத்தை விட இடப்பக்கம் 11 மி.மீ. குறைவு. நம்பாமல் மூன்று தரம் அளந்தேன், மூன்றாம் தரம் அண்ணன் மகனை அளக்க விட்டேன், அவனுக்கு 12 வந்தது. அக்சில் அரை டிகிரிக்கு மேல் திரும்பி நிற்கிறது.

இனி நடந்ததைக் கேளுங்கள். வெடித்த பழைய மெயின் பிளேட்டைப் பட்டறையில் இருந்து திருப்பி வாங்கி வந்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், இரும்பு என்றால் எறிய மனம் வராது, அப்பாவிடம் இருந்து வந்த வியாதி. அம்மா அதைக் கோழிக்கூட்டுத் தகரம் பறக்காமல் மேலே வைத்திருந்தார். அதை எடுத்துக் கழுவி, இடப்பக்க ஸ்பிரிங்கை இறக்கிக் கழற்றி, இரண்டு பிளேட்டின் முன் கண்ணுக்குள்ளும் (முனையில் சுருண்ட வளையம்) ஒரே கம்பியை விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழைய ஓட்டைக்குள் ஆணியை விட்டால் புதுப் பிளேட்டில் இரும்புதான் தட்டுகிறது. புது ஓட்டை ஒரு விரல் அகலத்துக்குக் கிட்ட முன்னுக்கு இருந்தது.

பட்டறைக்குப் பழைய பிளேட்டையும் கொண்டு போனேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன், ஆனால் அவர் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி சொன்னார். காசு வாங்காமல் வேறு பிளேட் அடித்து, பழையதன் மேல் வைத்து ஓட்டையைக் குறித்துத் துளைத்தார். கூடப் போட்ட பிளேட்டை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, வளைவையும் கொஞ்சம் இறக்கினோம். பின்பக்கம் 45 மி.மீ. இறங்கியது. அண்ணையின் கண் அளவு 5 மி.மீ. பிழை.

பூட்டி, யு போல்டை இறுக்கி, சென்டர் போல்டின் தலை குழிக்குள் சரியாக உட்கார்ந்ததைக் கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஸ்பிரிங் புஷ் நட்டுகளை இந்தத் தரம் நிலத்தில் நிற்கும்போதே இறுக்கினேன். இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் 2 மி.மீ.

ஓட்டிப் பார்த்தேன். இப்போது நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் இடப்பக்கம் சரிந்து நிற்கிறது! கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் விளங்கியது, அலைன்மென்ட் கடையில் ஒரு பல் தள்ளி மாட்டியதைத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டு வந்தேன். டோவை வீட்டிலேயே நூல் கட்டி 3/32 அங்குலம், 2 மி.மீ. சொச்சம் உள்நோக்கி வைத்தேன். முன் இடப்பக்கம் 18 மி.மீ. தாழ்வாக இருந்தது இப்போது 8, பின்பக்கம் நேரானதும் அது தானாகக் குறைந்து விட்டது. அம்பி அண்ணையின் மணிக்கட்டுக் கதையைக் கேட்ட பிறகு டோர்ஷன் பாரைத் தொடுவதாக இல்லை.

வளைவில் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நடுவுக்கு வருகிறது. சின்ன வயதில் அப்பா ஒரு கையால் அதை அப்படி ஓட விட்டுப் பிடிப்பது ஞாபகம் இருக்கிறது, அது அவர் செய்யும் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஆனையிறவு தாண்டிப் போய் வந்தோம், எழுபது வரை. மனைவி பரந்தனில் நித்திரை ஆகி விட்டார்.

ஒரே ஒரு விஷயம். குழியில் விழும்போது முன் இடப்பக்கம் இருந்து டக் என்று ஒரு சத்தம். முன்னர் இருந்ததா, மற்றச் சத்தங்களுக்குள் கேட்கவில்லையா என்று தெரியாது. பிரேக் பிடிக்கும்போதும் சில நேரம் ஒரு டக்.


பருத்தித்துறை லேத் எழுதியது:

45ஆ? சரி, கண்ணாடி மாற்ற வேண்டும்.


வெள்ளவத்தைப் பெரியவர் எழுதியது:

சந்தோஷம் தம்பி. அந்த டக் சத்தத்துக்கு, சொக் கழற்றிக் கழுவினேன் என்றீர்களே, முன் சொக்கைப் பிடிக்கும் நாலு போல்டையும் பாருங்கள். மைனரில் முன் சொக்கின் கைதான் மேல் கையும், கிங்பின்னின் மேல் முனை அதில்தான் தொங்குகிறது. அதனால் அந்தப் போல்ட் தளர்ந்தால் சொக் மட்டும் ஆடாது, முழுச் சில்லும் சாய்ந்து நிமிரும். போல்டுக்கு அடியில் மடித்து விடும் தகட்டு வாஷர் இருக்கும், அதைத் திரும்ப மடித்தீர்களா? பழைய தகட்டையே இரண்டாம் தரம் மடித்திருந்தால் அது பிடிக்காது, புதுசு போடுங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்க விட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, நீங்கள் சொக்கின் உடம்பில் விரலை வைத்துப் பாருங்கள். ஆடினால் விரலுக்குத் தெரியும்.

ஆடாவிட்டால் டை பாரின் முன் முனைப் புஷ். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எழுபதில் போக வேண்டாம்.


கொக்குவில் மைனர் எழுதியது:

சொக்தான். நாலில் இரண்டு போல்ட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்வு. தகட்டு வாஷர் பழையது, நான்தான் திரும்ப மடித்தேன், ஒரு காது உடைந்தே போயிருந்தது. புதுசு ஒரு சோடி கொழும்பில் இருந்து பஸ்ஸில் வருகிறது. அதுவரை வண்டி கொட்டிலுக்குள்.